பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

மிளகுக்குப் பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஆள் பொடிசாக இருப்பாள், வாயைத் திறந்தால் சுருக்கென்று இருக்கும் என்று அப்பா வைத்த பெயர்தான் மிளகு. அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டே இருந்தது.

அப்பா கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். தரையில் பதிக்கும் பெரிய கற்களை இயந்திரத்தில் வைத்து அறுப்பார், முகம் தெரியும்வரை தேய்ப்பார். அப்போது பறக்கும் தூசி மாவைவிடப் பொடியாக இருக்கும். பதினைந்து வருடம் அந்தத் தூசி அவருடைய நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர் மாடிப்படியில் நாலு படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார்.

அம்மா மூச்சுப் பயிற்சி டீச்சர். நுரையீரல் நோயாளிகளுக்கான ஒரு மையத்தில் அவளுக்கு வேலை. சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, வெபினாரில் வகுப்பு எடுப்பாள். எங்கெங்கோ இருப்பவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்துகொள்வார்கள். அப்பாவும் அந்த வகுப்பில் ஒரு மாணவர். அவர் சேர்ந்துகொண்டது பக்கத்து அறையிலிருந்து.

பதிவு செய்யும்போது பெயர் கேட்டதற்கு, அவர் 'கடைசி பெஞ்ச்' என்று போட்டு வைத்தார். வகுப்பு மும்முரமாக நடக்கும்போது மைக்கைத் திறந்து சந்தேகம் கேட்பார்.

"டீச்சர், மூச்சை உள்ள இழுத்தாச்சு. எப்போ வெளிய விடறது?"

"கடைசி பெஞ்ச், கொஞ்சம் சும்மா இருங்க" என்பாள் அம்மா. அவர் டீச்சரின் வீட்டுக்காரர் என்பது வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. மிளகு இரண்டு அறைகளுக்கும் நடுவில், கதவுக்குப் பக்கத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

இப்போது அந்தக் கதவு மூடியே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிளகு பள்ளியிலிருந்து வந்தபோது, அம்மா மடிக்கணினியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரை முழுவதும் கறுப்பு. அதில் சில வெள்ளை எழுத்துகள் மட்டும் இருந்தன.

"கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சா அம்மா?"

"அது நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெட்டுப் போயிடுவேன் போல."

விஷயம் இதுதான். வகுப்பில் அம்மாவுக்கு உதவியாக ஓர் அக்கா இருந்தாள். யார் யார் வந்தார்கள் என்று பார்ப்பது, மறுநாள் வகுப்பை நினைவூட்டுவது, வராதவர்களை விசாரிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. போன மாதம் அவள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவளுக்குப் பதிலாக மையம் இன்னோர் ஆளைப் போடவில்லை. எழுதிச் சொன்னதைத் தானே செய்து முடிக்கும் ஒரு ஏஐ ஏஜென்டைக் கொடுத்தது. அதை வெபினார் தளத்தோடு இணைத்துவிட்டால் அந்த அக்காவின் வேலையை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சொன்னார்கள். இணைக்கும் வேலை அம்மாவின் தலையில் விழுந்தது. மையத்தின் கம்ப்யூட்டர்காரர் ஒரு தாளில் வரிசையாகக் கமாண்டுகளை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, "அப்படியே பார்த்து டைப் பண்ணுங்க மேடம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தார்.

"இதுல மவுஸே கிடையாதாம்" என்றாள் அம்மா. "பட்டன் கிடையாது, படம் கிடையாது. என்ன வேணும்னாலும் எழுதித்தான் சொல்லணுமாம்."

மிளகு பையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டாள். "நான் படிக்கிறேன். நீ அடி."

முதல் கமாண்டுக்குக் கறுப்புத் திரை ஒரு நிமிடம் முணுமுணுத்துவிட்டு, தேவையான கருவிகளை இறக்கிக்கொண்டது. இரண்டாவது கமாண்டு வெபினார் தளத்தின் சாவியைக் கேட்டது. சாவி என்றால் அறுபது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான வரி. மூன்றாவதில் எல்லாம் நின்றுபோனது. சிவப்பாக ஒரு வரி வந்தது. அம்மா மறுபடி அடித்தாள், மறுபடியும் சிவப்பு வரி.

மிளகு தாளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "அம்மா, இங்க ரெண்டு கோடு இருக்கு. நீ ஒண்ணுதான் போட்டிருக்க."

"ஒரு சின்னக் கோட்டுக்கா இந்தப் பாடு" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா இன்னொரு கோடு போட்டாள். திரையில் புதிய வரி வந்தது.

*வெபினார் தளத்துடன் இணைந்துவிட்டேன். பதிவு செய்தவர்களின் பட்டியலைப் படிக்க முடிகிறது. என்ன செய்ய வேண்டும்?*

"வந்துடுச்சு" என்றாள் மிளகு. "இதுக்கு டீ போட்டுத் தரணுமா?"

அம்மா சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பல் தெரிந்த சிரிப்பு. வகுப்புக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று மையத்தின் மேலாளர் குறைபட்டுக்கொண்டிருந்தார். அதனால் அவள் முதல் வேலையாக இப்படி அடித்தாள்: மூன்று மாதமாக வகுப்புக்கு வராதவர்களுக்கு அன்பாக ஒரு செய்தி எழுதி, நாளைக்கு வரச் சொல்.

*எண்பத்து நான்கு பேர் இருக்கிறார்கள். செய்தியையும் பட்டியலையும் முதலில் காட்டட்டுமா? நேரடியாக அனுப்பட்டுமா?*

அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. அம்மா 'அனுப்பு' என்று ஒரு வார்த்தையைத் தட்டிவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

திரையில் எண்கள் நகர ஆரம்பித்தன. ஐந்து பேருக்கு அனுப்பியாயிற்று. பத்து பேருக்கு அனுப்பியாயிற்று. மிளகு கன்னத்தில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள். பதினைந்து.

மூடிய அறைக்குள்ளிருந்து டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

மிளகு நிமிர்ந்தாள். அது அப்பாவின் போன். அலமாரியின் கீழ் இழுப்பறையில், அவருடைய சட்டைகளுக்கு அடியில் இருந்தது. அது எப்போதோ செத்துப் போயிருக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அம்மா கடைக்குப் போகும்போதெல்லாம் மிளகு அதை எடுத்து சார்ஜ் போட்டு வைப்பாள். அதன் பூட்டைத் திறக்கும் எண் அவளுக்குத் தெரியாது. திறக்க வேண்டும் என்றும் அவளுக்கு இல்லை. அது அணைந்து போகக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தாள். பூட்டிய திரையின் மேலேயே செய்தி தெரிந்தது.

*அன்புள்ள கடைசி பெஞ்ச், முப்பத்திரண்டு வாரங்களாக நீங்கள் வகுப்புக்கு வரவில்லை. உங்களை மிகவும் தேடுகிறோம். மூச்சுப் பயிற்சியை நடுவில் விடலாமா? நாளை காலை பத்து மணிக்குக் கட்டாயம் வாருங்கள்.*

மிளகு அதை ஒரு தடவைதான் படித்தாள். அடுத்த நொடி அவளுக்கு இன்னொன்று உறைத்தது. இந்த டிங் இந்த ஒரு வீட்டில் மட்டும் கேட்டிருக்காது.

"அம்மா, அதை நிறுத்து. உடனே நிறுத்து."

அம்மா கரண்டியும் கையுமாக வந்தாள். மிளகு போனை நீட்டினாள். அம்மா படித்தாள். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கரண்டியிலிருந்து பால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

மிளகு அந்தத் தாளைப் பாய்ந்து எடுத்தாள். கடைசி வரியில் 'நிறுத்துவதற்கு: கன்ட்ரோல், சி' என்று இருந்தது. இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்தினாள்.

*நிறுத்திவிட்டேன். இருபது பேருக்குச் சென்றுவிட்டது.*

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த இருபது பெயர்களையும் திரையில் வரவழைத்து, ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தாள். பதின்மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள். சிலருக்குச் சோம்பல், சிலருக்கு வேலை. மீதி ஏழு பேர் இல்லை. ஏழில் ஒன்று இந்த வீடு.

"அந்த அக்கா இருந்தப்ப இப்படி ஆகலையே" என்றாள் மிளகு.

"அவளுக்கு யார் இருக்காங்க, யார் இல்லைன்னு மனப்பாடமா தெரியும். இல்லாதவங்களை விட்டுட்டு மத்தவங்களுக்கு அனுப்புவா. அதை எங்கயும் எழுதி வைக்கலை. நானும் எழுதலை. எப்படி எழுதறதுன்னு விட்டுட்டேன்."

மிளகு தானே விசைப்பலகையை இழுத்து, ஏன் இறந்தவர்களுக்கு அனுப்பினாய் என்று அடித்தாள்.

*பட்டியலில் அப்படி ஒரு குறிப்பு இல்லை. அவர்கள் 'வராதவர்கள்' என்று மட்டுமே எனக்குத் தெரிந்தது. இது அந்த வீடுகளுக்கு வேதனை தந்திருக்கும். வருந்துகிறேன்.*

அதன்மேல் கோபப்பட வேண்டும் என்று மிளகுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அது சொன்னது உண்மை. வகுப்புக்கு ஒருநாள் மட்டம் போட்டவரும் இறந்து போனவரும் அந்தப் பட்டியலில் ஒரே மாதிரிதான் இருந்தார்கள்.

"அதைத் திட்டாதே" என்றாள் அம்மா. "அது காட்டட்டுமான்னு கேட்டுச்சு. நான்தான் பால் பொங்குதுன்னு ஓடினேன்."

அப்போது அம்மாவின் போன் அடித்தது. மேலாளர். மிளகு எடுத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம், என்ன மேடம் இது? ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. செத்துப் போனவரை வகுப்புக்கு வான்னு கூப்பிடறீங்களான்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"தப்பு என்னோடதுதான் சார்."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. மறுபடி நடக்கக் கூடாது. ஏழு மணிக்குள்ள மூணு மாசமா வராத எல்லாரையும் பட்டியல்லேருந்து நீக்கிடுங்க. மொத்தமா. ஏஜென்ட்கிட்ட சொன்னா ஒரு நொடில முடிச்சுடும்."

"சார், பேரை நீக்கினா அவங்க வகுப்புல பேசினது, கேட்ட கேள்வி, பதிவான குரல் எல்லாம் சேர்ந்து போயிடும். தளம் அப்படித்தான் இருக்கு."

மேலாளர் கெட்டவர் இல்லை. பயந்து போயிருந்தார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா வேற வழி இல்லை. ஏழு மணி" என்று வைத்துவிட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தேகால். அம்மா கறுப்புத் திரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு மெதுவாக அடிக்க ஆரம்பித்தாள். மூன்று மாதமாக வராதவர்களை...

மிளகு தன் உள்ளங்கையை விசைகளின் மேல் வைத்துவிட்டாள். திரையில் கன்னாபின்னாவென்று எழுத்துகள் ஓடின.

"கையை எடு."

"மாட்டேன். அதுல அப்பா இருக்கார்."

"எனக்குத் தெரியாதா மிளகு?" அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "நான் மட்டும் ஆசையாவா நீக்கறேன்? ஏழு மாசமா அந்தப் பேரைத் தாண்டிப் போயிட்டே இருக்கேன். நீக்கலைன்னா இன்னொரு வீட்டுல இன்னொரு டிங் கேக்கும். அது பரவாயில்லையா?"

அது பரவாயில்லை என்று மிளகால் சொல்ல முடியாது. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கையையும் எடுக்கவில்லை. எடுத்தால் அப்பாவின் குரல் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்க வேண்டும் என்று அவள் தலையைக் குடைந்துகொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு வகுப்புப் பதிவேடு ஞாபகம் வந்தது.

"அம்மா, எங்க டீச்சர் பதிவேட்டுல என் பேருக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வச்சிருக்காங்க. பென்சில்ல. ரொம்பச் சின்னது."

"என்ன புள்ளி?"

"திங்கக்கிழமை பதிவேட்டை ஆசிரியர் அறைக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. அப்பதான் பார்த்தேன். முதல்ல எனக்குப் புரியலை. அப்புறம் புரிஞ்சுது. அப்பா செத்துப் போனப்புறம், புதுசா எந்த டீச்சர் வந்தாலும் என்கிட்ட மட்டும் 'அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா'ன்னு சொன்னதே இல்லை. எல்லாரும் அந்தப் புள்ளியைப் பார்த்துடறாங்க."

அம்மா அவளையே பார்த்தாள்.

"அதுக்காக என் பேரை அடிக்கலையே அம்மா. பேர் அப்படியேதான் இருக்கு. கேக்கக் கூடாததை மட்டும் கேக்கறதில்லை. இவங்களுக்கும் ஒரு புள்ளி வச்சா என்ன?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மிளகின் கையை மெல்ல எடுத்துவிட்டு, அடித்ததை எல்லாம் அழித்தாள். புதிதாக ஒரு கேள்வி கேட்டாள். பெயரை நீக்காமல், பக்கத்தில் ஒரு குறி வைக்க முடியுமா?

*முடியும். தளத்தில் ஒவ்வொருவருக்கும் குறி சேர்க்கக் கமாண்டு இருக்கிறது. குறி உள்ளவர்களுக்கு எந்தச் செய்தியும் அனுப்ப மாட்டேன், அவர்களை நீக்கவும் மாட்டேன். யார் யாருக்கு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.*

ஆமாம், அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். மிளகு ஒவ்வொரு பெயராக வாசித்தாள். பலர் ஊரில் தங்களைக் கூப்பிடும் பெயரையே பதிந்திருந்தார்கள். அம்மா 'இருக்கார்' அல்லது 'இல்லை' என்றாள்.

"லாரி டிரைவர்."

"இருக்கார். மகள் வீட்டுக்குப் போயிருக்கார்."

"சாக்கு மூட்டைக்காரர்."

"இல்லை."

"தையல் கடை அக்கா."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "இல்லை. போன மழைக்காலத்துல."

இப்படியே எண்பத்து நான்கு. ஒவ்வோர் 'இல்லை'க்கும் மிளகு ஒரு நோட்டுத் தாளில் புள்ளி வைத்தாள். முப்பதாவது பெயரைத் தாண்டும்போது அவளுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எங்கே ஓடுவது? பால் ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

"கடைசி பெஞ்ச்" என்று வாசித்தாள் மிளகு.

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இத்தனை பேருக்குச் சொன்னவளுக்கு இதற்கு மட்டும் வாய் வரவில்லை. மிளகு அவசரப்படுத்தவில்லை.

"இல்லை" என்றாள் அம்மா கடைசியில். அப்பாவைப் பற்றி அந்த வார்த்தையை அவள் இந்த வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை. மிளகு புள்ளி வைத்தாள்.

மொத்தம் முப்பத்தொரு புள்ளிகள். அம்மா அவற்றை ஏஜென்டுக்குக் கொடுத்தாள். உடனே செய்துவிடும்படி எழுதப் போனவளை மிளகு தடுத்தாள்.

"முதல்ல காட்டச் சொல்லு. நாங்க படம் வரைஞ்சாகூட முதல்ல பென்சில்லதான் வரைவோம்."

அம்மா அப்படியே அடித்தாள். எதையும் செய்யாதே, செய்யப் போவதை மட்டும் காட்டு. பட்டியல் வந்தது. இருவரும் மேலிருந்து கீழே பார்த்தார்கள். ஓர் இடத்தில், உயிரோடு இருக்கும் ஒரு பேக்கரிக்காரருக்குப் புள்ளி விழுந்திருந்தது. மிளகு வரி மாறிப் புள்ளி வைத்த தவறு அது.

"நல்லவேளை" என்றாள் அம்மா. "மனுஷன் ரொட்டி சுட்டுட்டு இருக்கார். நாம அவரை மேல அனுப்பப் பார்த்தோம்."

மிளகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கலாமா என்று அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். பேக்கரிக்காரரின் புள்ளியை எடுத்து, சரியான வரிக்கு மாற்றிவிட்டு, செய் என்றார்கள். செய்துவிட்டது.

ஆனால் போன செய்தி போனதுதான். ஆறு வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா போனை எடுத்தாள்.

"ஏஜென்டையே மன்னிப்புக் கேக்கச் சொல்லலாமே?" என்றாள் மிளகு.

"வேண்டாம். இதை நான்தான் கேக்கணும்."

முதல் வீட்டில் ஒரு பெண் ஐந்து நிமிடம் நிறுத்தாமல் திட்டினாள். அம்மா "ஆமாங்க, தப்புதாங்க" என்று மட்டும் சொன்னாள். இரண்டாவது, மூன்றாவது வீடுகளில் கேட்டுக்கொண்டார்கள், வைத்துவிட்டார்கள். நான்காவது வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

ஐந்தாவது வீட்டில் ஒரு பையன் எடுத்தான். "அம்மா வேலைக்குப் போயிருக்காங்க" என்றான். "மெசேஜ் விஷயமா? அப்பா போன் என்கிட்டதான் இருக்கு. நான் பார்த்துட்டு அழிச்சுட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ். இப்பதான் கொஞ்ச நாளா அழாம இருக்காங்க."

மிளகு கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"நான் டீச்சரோட பொண்ணு. எங்க வீட்டுக்கும் அந்த மெசேஜ் வந்துச்சு."

"உங்க அப்பாவுமா?"

"ம்."

"நீ அழிச்சிட்டியா?"

"இல்லை. எங்க அம்மா பார்த்துட்டாங்க. அழுதாங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் எல்லாம் பண்ணோம்." மிளகு யோசித்துவிட்டுச் சொன்னாள். "நீ தனியா வச்சுக்காதே. உங்க அம்மாவுக்கு உன்னைவிட உயரம் ஜாஸ்திதானே, தாங்குவாங்க."

பையன் மூக்கை உறிஞ்சினான். கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது. "இனிமே வருமா?"

"வராது. நான் புள்ளி வச்சாச்சு."

புள்ளி என்றால் என்ன என்று அவன் கேட்கவில்லை. சரி என்றான்.

ஆறாவது வீட்டில் இருந்தவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். மனைவி போய் ஒரு வருடம் ஆகிறது. அம்மா மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தார்.

"கோபம் வந்துச்சும்மா, பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "அப்புறம் ஒண்ணு தோணுச்சு. அவ உங்க வகுப்புல ஏதோ கேப்பாளே, எல்லாரும் சிரிப்பாங்களே. அதெல்லாம் இன்னும் இருக்கா? இல்ல அழிச்சுட்டீங்களா?"

அம்மா மிளகைப் பார்த்தாள். மிளகு அதற்குள் தேட ஆரம்பித்திருந்தாள். திரையில் மூன்று வரிகள் வந்தன. மூன்று கேள்விகள், மூன்று தேதிகள். அவள் முதலாவதை ஓட விட்டாள். ஒரு பெண்ணின் குரல் இருமலுக்கு நடுவில் கேட்டது.

"டீச்சர், சிரிச்சா எனக்கு இருமல் வருது. எங்க வீட்டுக்காரர் நாள் முழுக்க சிரிக்க வைக்கிறார். அவரை என்ன பண்றது?"

போனின் அந்தப் பக்கம் ரொம்ப நேரம் கடிகாரங்களின் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார் அவர்.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா மேலாளரைக் கூப்பிட்டாள். "சார், ஒருத்தரையும் நீக்கலை" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

"இனிமே தப்பா போகாதுன்னு உறுதியா சொல்ல முடியுமா மேடம்?"

"எது அனுப்பினாலும் முதல்ல காட்டணும், நான் பார்த்த பிறகுதான் அனுப்பணும்னு எழுதி வச்சுட்டேன் சார். பால் பொங்கினா பொங்கட்டும்."

மேலாளருக்குப் பால் விஷயம் புரியவில்லை. ஆனாலும் "சரி, இருக்கட்டும்" என்றார். "அந்த வாட்ச் கடைக்காரருக்கு மூணு பதிவையும் அனுப்பி வச்சுடுங்க."

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பதே முக்காலுக்கு அம்மா மடிக்கணினியைத் திறந்தாள். ஏஜென்ட் யார் யாருக்கு நினைவூட்டப் போகிறது என்று காட்டியது. அம்மா நிதானமாகப் படித்தாள், பிறகு அனுப்பச் சொன்னாள். அறைக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அது வராது என்று தெரிந்திருந்தும் மிளகு காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றாள். வராதது நல்லதுதான், ஆனால் அது வலித்தது.

"மிளகு, அந்தப் போனை எடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

மிளகு தயங்கினாள். திட்டு விழப் போகிறது என்று நினைத்துக்கொண்டே எடுத்து வந்தாள். அம்மா அதை வாங்கி, மேசை மேல் தன் போனுக்குப் பக்கத்தில் சார்ஜரில் செருகினாள்.

"இனிமே ஒளிச்சு வச்சு சார்ஜ் போடாதே. இங்கயே இருக்கட்டும்."

வகுப்புக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அம்மா மூடியிருந்த அறைக் கதவைத் திறந்து வைத்தாள். திரும்பி வந்து கறுப்புத் திரையில் ஏதோ அடித்தாள். என்ன கேட்டிருக்கிறாள் என்று மிளகு எட்டிப் பார்ப்பதற்குள் ஒலிபெருக்கியில் கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே பேசும் அந்தக் குரல் கேட்டது.

"டீச்சர், மூச்சை உள்ள இழுத்தாச்சு. எப்போ வெளிய விடறது?"

பதிவு அதோடு நின்றுவிட்டது. அம்மா மிளகைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள். ஏழு மாதமாக மூச்சை நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருந்ததைப் போல அம்மாவின் தோள்கள் விறைத்திருந்தன.

"இப்ப விடலாம்" என்றாள் அம்மா.

இருவரும் சேர்ந்து மெதுவாக மூச்சை வெளியே விட்டார்கள்.